காலடி படாத கரை

அந்த நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இடுப்பளவுக் கடலில் நான் நடந்து வந்தது இன்றும் அப்படியே நினைவிருக்கிறது. வெள்ளை வர்ணம் பூசிய பிரம்பு நாற்காலி. அதன் முதுகு மயில் தோகை மாதிரி விரிந்திருக்கும். பம்பாயில் செய்து, ரயிலில் மெட்ராஸ் வந்து, அங்கிருந்து கப்பலில் போர்ட் பிளேர் வந்து, பிறகு சின்னக் கப்பலில் லாங் ஐலண்ட் ஜெட்டிக்கு வந்து சேர்ந்து, கடைசியில் எங்கள் டுங்கியில் ஏறியது. டுங்கி என்றால் இன்ஜின் வைத்த மரப்படகு. அந்தக் கரையில் பாறை அதிகம் என்பதால் டுங்கி தள்ளியே நின்றுவிடும். மீதித் தூரம் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும். "உப்புத்தண்ணி பட்டா பெயின்ட் உரிஞ்சிடும், நல்லா உசத்திப் பிடிப்பா" என்று பின்னாலிருந்து கம்பெனி மேனேஜர் சொல்லிக்கொண்டே வந்தார். நாற்காலியின் ஓட்டைகள் வழியாகக் கரையைப் பார்த்தபடி நடந்தேன். கரையில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நாற்காலி ஒன்று கடலிலிருந்து கால் முளைத்து வருகிறதே என்று அவள் வாயைப் பொத்திச் சிரித்தது எனக்குத் தெரிந்தது.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், கொல்லத்தில் ஓட்டுக் கம்பெனியில் மண் மிதித்தேன், தீவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறினேன். பாராடாங்கில் மரம் வெட்டும் கூப்பில் ஒரு மழைக்காலம், போர்ட் பிளேர் ஜெட்டியில் ஒரு மழைக்காலம், பிறகு லாங் ஐலண்டில் மரமில். மில்லில் கை நசுங்கியதும் டுங்கிக்காரரிடம் சேர்ந்துகொண்டேன். ஓர் இடத்தில் இரண்டு வருடம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். இதையெல்லாம் பெருமையாகவோ புலம்பலாகவோ சொல்லவில்லை. பின்னால் ஒரு நாள் என்னிடம் முகவரி கேட்கப்பட்டது, அதற்காகச் சொல்கிறேன்.

அக்கா எனக்கு ரத்த உறவு இல்லை. ராமநாதபுரம் பக்கத்துக்காரி. மில்லில் வேலை பார்த்த புருஷனோடு வந்தவள். டுங்கியில் ஒரு மணி நேரம் போனால் வரும் அந்தக் கரையைக் கண்டுபிடித்தது அந்த மனிதர்தான். காட்டை ஒட்டி இடம் திருத்திக் குடிசை போட்டுத் தென்னை வைத்தார். கன்றுகள் இடுப்பளவு வந்தபோது, ஊரில் இருக்கும் தாயாரைக் கூட்டி வருகிறேன் என்று மெயின்லேண்ட் கப்பல் ஏறிப் போனார். திரும்பவில்லை. காலரா என்றார் ஒருவர், அங்கே வேறு குடும்பம் என்றார் இன்னொருவர். அக்கா எதையும் மறுத்ததும் இல்லை, ஒத்துக்கொண்டதும் இல்லை. கோழி வளர்த்தாள், கொப்பரை காய வைத்தாள், வாரம் ஒரு முறை எங்கள் டுங்கியில் ஏறி மில் ஆட்கள் குடியிருக்கும் லைனுக்கு வந்து முட்டையும் தேங்காயும் விற்றுப் போனாள். தென்னை காய்ப்புக்கு வந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது.

அந்த இடத்துக்குக் காகிதம் கிடையாது. சர்க்காரே கூட்டி வந்து நிலம் கொடுத்துக் குடியேற்றியவர்கள் வேறு. எங்களைப் போலப் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டவர்களுக்கு 'என்க்ரோச்மென்ட்', அதாவது ஆக்கிரமிப்பு, என்று பெயர். ஆனால் எப்போதாவது சர்வேக்காரர்கள் வருவார்கள், ஆள் குடியிருக்கிற வீட்டையும் காய்க்கிற மரத்தையும் கண்ணால் பார்த்தால் பெயரை எழுதிக்கொண்டு போவார்கள், பிறகு பட்டா வரும் என்று எல்லோரும் நம்பினார்கள். சிலருக்கு வந்தும் இருந்தது. அதனால் வீட்டைப் பூட்டிக்கொண்டு யாரும் நாள் கணக்கில் வெளியே போவதில்லை. போனால் பக்கத்து வீட்டுக்காரர் அடுப்பைப் பற்ற வைத்துப் புகை காட்டுவார். அக்காவுக்குப் பக்கத்து வீடு கிடையாது. அவளே போய், அன்றைக்கே திரும்பி வந்து, அவளே புகை காட்டிக்கொண்டிருந்தாள். அந்த இடமும் போனால் அவளுக்கு மிச்சம் அண்ணன் வீட்டுத் திண்டாட்டம்தான். "அங்க போனா அண்ணி எனக்குத் தட்டு வைப்பா, சோறு வைக்க மாட்டா" என்பாள்.

நாற்காலியோடு வந்தவர்கள் ஒரு வாசனை சென்ட் கம்பெனியின் ஆட்கள், விளம்பரப் படம் எடுக்க வந்திருந்தார்கள். மேனேஜர் பம்பாயில் பிறந்து வளர்ந்த தமிழர், போட்டோ எடுப்பவர், அவருக்கு ஓர் உதவியாள், பிறகு படத்தில் நிற்கப் போகிற பெண். வெளிநாட்டுப் பெயர் வைத்த சென்ட் அது. எங்கள் மில் கூலியில் ஒரு பாட்டில் வாங்க வேண்டுமென்றால் சாப்பிடாமல் இருந்தாலும் முடியாது என்று உதவியாள் பெருமையாகச் சொன்னான். மேனேஜர் இரண்டு கை விரல்களாலும் கட்டம் போட்டு அதன் வழியாகக் கரையை அங்கும் இங்கும் பார்த்தார். எங்கே நின்று பார்த்தாலும் கட்டத்துக்குள் அக்காவின் குடிசை வந்தது.

"அம்மா, ரெண்டே நாள். பிரிச்சு ஓரமா வச்சுக்கலாம். நாங்க போறதுக்கு முன்னாடி இருந்த மாதிரியே கட்டிக் குடுத்துடுவோம்" என்றார். மரியாதையான மனிதர். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"எதுக்குப் பிரிக்கணும்? வீடு நல்லாத்தான இருக்கு. வேணும்னா இன்னொருவாட்டி மெழுகித் தாறேன்" என்றாள் அக்கா.

"வீடு நல்லா இருக்கும்மா. ஆனா இந்த சென்ட் போடறவங்க யாருமே இல்லாத இடத்துல இருக்கற மாதிரி காட்டணும். அதான் விஷயம்."

"யாருமே இல்லாத இடத்துல சென்ட் போட்டு என்ன செய்ய? மோந்து பாக்கவாச்சும் ஒரு ஆளு வேணாமா?"

மேனேஜர் அதை இந்தியில் சொன்னதும் அந்தப் பெண் விழுந்து விழுந்து சிரித்தாள். போட்டோக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. வெயில் போய்விடும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் சிரித்துவிட்டு, இந்தப் படம் எங்கே வரும் என்று கேட்டாள். பத்திரிகைப் புத்தகத்தில் வரும், இந்தியா முழுக்கப் போகும் என்றார் மேனேஜர்.

"ராமநாதபுரம் போகுமா?"

"எல்லா ஊருக்கும் போகும்மா."

"மரம் தெரியுமா, படத்துல?"

"மரம்தானேம்மா அழகே."

அக்கா உள்ளே போய்ப் பானை சட்டிகளை எடுத்து வெளியே வைத்தாள். பிறகு ஏணியை வாங்கி அவளே கூரையில் ஏறிக் கட்டுகளை அவிழ்க்கத் தொடங்கினாள். ஓலைகளைக் கீழே நின்று வாங்கி அடுக்கிக்கொண்டிருந்தேன். "யோசிச்சுச் செய்யிக்கா" என்றேன். குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மரத்த வச்சவருக்கு மரம் தெரியாமப் போகுமா தம்பி?" அப்போதுதான் அவள் கணக்கு எனக்குப் புரிந்தது. எங்கேயோ ஒரு ஊரில், ஒரு கடையில், அந்த மனிதர் புத்தகத்தைப் புரட்டுவார். கடலுக்குச் சாய்ந்த இரட்டைத் தென்னையைப் பார்ப்பார். காய்த்துவிட்டது என்று தெரிந்துகொள்வார். சென்டை விற்க வந்தவர்கள் அவளுக்கு எதையும் விற்கவில்லை. ஆனாலும் அவள்தான் முதலில் வாங்கினாள்.

மண் அடுப்பைப் பெயர்க்க முடியாது. அதன் மேல் மணலைக் கொட்டி மூடச் சொன்னார்கள். அக்கா நெருப்பை ஒரு சட்டியில் அள்ளிக் காட்டு மரத்தடிக்குக் கொண்டு போனபிறகு மூடினோம். கோழிகளைக் கூடையில் போட்டுக் கவிழ்த்தோம். கொப்பரைப் பாய், கயிறு, நண்டுக் கூடை எல்லாம் மரங்களுக்குப் பின்னால் போயின. எனக்குக் கொடுத்த வேலைதான் விசித்திரம். நாற்காலியை வைத்துவிட்டு, அதைச் சுற்றிப் பதிந்திருந்த எங்கள் எல்லோருடைய காலடியையும் தென்னை விளக்குமாற்றால் அழித்துக்கொண்டே பின்பக்கமாக நடந்து போக வேண்டும். அந்தப் பெண்ணைப் பலகை மேல் நடத்திக் கொண்டுவந்து நாற்காலியில் உட்கார வைப்பார்கள், பலகையை எடுப்பார்கள், நான் பெருக்குவேன். அவள் எப்படி அங்கே வந்தாள் என்பதற்கு மணலில் எந்தத் தடமும் இருக்காது. காற்று கொஞ்சம் வீசினாலோ முடி கலைந்தாலோ மறுபடி பலகை, மறுபடி பெருக்கல். இரண்டு நாளும் நான் பின்பக்கமாகவே நடந்தேன்.

அந்த மணலில் கண்ணுக்கே தெரியாத பூச்சி உண்டு. புதிதாக வருபவர்களைச் சும்மா விடாது. முதல் நாள் மதியத்துக்குள் அந்தப் பெண்ணின் முழங்கால் வரை தடித்துச் சிவந்துவிட்டது. சொறிந்து சொறிந்து அழுதேவிட்டாள். அக்கா தேங்காய் எண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து அவள் கால்களைத் தன் மடியில் போட்டுத் தேய்த்துவிட்டாள். "தீதி, இங்கே எப்படித்தான் இருக்கிறீர்கள்?" என்று அவள் இந்தியில் கேட்டதற்கு, "ஆதத் ஹோ கயா" என்றாள் அக்கா, பழகிப்போச்சு என்று. தடிப்பின் மேல் ஏதோ மாவைப் பூசி மறைத்தார்கள். அந்த விலையுயர்ந்த சென்டுக்காகச் சிரித்த பெண்ணின் மேல் அன்றைக்கு வீசியது மண்ணெண்ணெய் வாசனைதான்.

பாட்டிலிலும் ஒரு சிக்கல். சென்ட் தண்ணீர் நிறத்தில் இருந்தது. வெயிலில் காலி பாட்டில் மாதிரி தெரிகிறது, தங்க நிறம் வேண்டும் என்றார் போட்டோக்காரர். உதவியாள் சென்டை வேறு புட்டியில் ஊற்றிக்கொண்டான். அக்கா அந்தச் சட்டி நெருப்பில் பால் இல்லாமல் டீ போட்டு, முந்தானையில் வடிகட்டி, பாட்டிலில் ஊற்றினாள். வெயிலில் அது அப்படி ஜொலித்தது. "சீனி போட்டுட்டேன், எறும்பு வந்துரும்" என்று அவள் சொன்னதற்கு மேனேஜரே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் மில்லுக்கு வந்த நாளிலிருந்து அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை. இரண்டாம் நாள், படத்தின் ஓரத்தில் மரத்தடியில் தானும் நிற்கலாமா என்று கேட்டாள். மேனேஜர் சங்கடப்பட்டு, புத்தகம் வந்ததும் ஒரு பிரதி உங்களுக்கு அனுப்புகிறேன் என்றார்.

அன்று மாலையே வானம் கறுத்தது. மழைக்காலம் சற்று முந்தி வந்துவிட்டது. சின்னக் கப்பல் முன்கூட்டியே கிளம்புகிறது என்று செய்தி வந்து, அவர்கள் சாமானை வாரிக்கொண்டு டுங்கி ஏறினார்கள். வீடு கட்டக் கூலியை எங்களிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார்கள், ஏமாற்றவில்லை. ஆனால் மழை விடவில்லை. அலை ஏறி அடியிலிருந்த ஓலைகளை இழுத்துப் போனது, மிச்சம் அழுகியது. புது ஓலை வெட்டக் காட்டுக்குள் போக முடியாது, டுங்கியே பல நாள் ஓடவில்லை. அக்கா மில் லைனில் ஒரு வங்காளிக் குடும்பத்தின் தாழ்வாரத்தில் கோழிக் கூடையோடு ஒதுங்கினாள். மழை கொஞ்சம் வெறித்த ஒரு வாரத்தில் சர்வேக்காரர்கள் லாஞ்சில் அந்தப் பக்கமெல்லாம் சுற்றிவிட்டுப் போனார்கள் என்று மில் கடையில் பேச்சு வந்தது. அக்காவின் கரையில் இறங்கவே இல்லையாம். இறங்க என்ன இருந்தது?

மழை முடியும் சமயத்தில் புத்தகம் வந்தது. மேனேஜர் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார். ஜெட்டியில் எல்லோரும் கூடிப் பார்த்தோம். வழுவழுப்பான பக்கம் முழுக்கக் கடல். அந்த நீலத்தை நாங்கள் அங்கே பார்த்ததில்லை. சாய்ந்த இரட்டைத் தென்னை, நாற்காலி, அதில் வெள்ளை உடையில் அந்தப் பெண், கையில் தங்க நிறப் பாட்டில். சுற்றிலும் சுத்தமான மணல். கீழே இங்கிலீஷில் இருந்ததை மில் கிளார்க் படித்துச் சொன்னார்: மனிதக் காலடி படாத கரை ஒன்று உண்டு, அங்கே போய்ச் சேரும் பெண்ணுக்காக இந்த வாசனை. ஒருவரும் சிரிக்கவில்லை. அக்கா இரட்டைத் தென்னையைத் தடவிப் பார்த்தாள். "இந்தா, இது என் வாசல். இங்கதான் அடுப்பு இருக்கு, மணலுக்கு அடியில." பிறகு நிமிர்ந்து சொன்னாள்: "தம்பி, இத ஆபீஸ்ல காட்டுனாப் போதும்ல? அச்சுல வந்துருக்குல்ல?"

படிக்காதவர்கள் அச்சை நம்புவதைப் பற்றிப் படித்தவர்கள் சிரிக்கலாம். எங்களுக்கு அதுவரை அச்சில் வந்ததெல்லாம் சர்க்கார் சங்கதி. ரேஷன் கார்டு, கப்பல் டிக்கெட், வேலை நோட்டீஸ். அச்சில் பொய் வரும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்? பட்டா கொடுக்கிற ஆபீஸுக்கு நானும் அவளோடு போனேன்.

ஆபீஸர் மெட்ராஸ்காரர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார். புத்தகத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார்.

"இதுல வீடே இல்லையேம்மா" என்றார்.

"படத்துக்காகப் பிரிச்சேன் சார். மரத்தப் பாருங்க. என் வீட்டுக்காரர் வச்சது."

"தென்னைக்கு ஆள் வேணுமா? கடல்ல மிதந்து வந்து தானா முளைச்சுக் கிடக்கு, தீவு பூரா. எங்க ஆளுங்க போய்ப் பாத்துட்டுக் காலி இடம்னு எழுதியிருக்காங்க. நீங்க கொண்டுவந்த புத்தகமும் அதையேதான் சொல்லுது. யாருமே கால் வைக்காத எடம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. இத நான் ஃபைல்ல சேத்தா உங்களுக்குத்தான் பாதகம்."

நான் குறுக்கிட்டு, அங்கே வீடு இருந்தது, நான் பார்த்திருக்கிறேன், ஓலையைக் கையில் வாங்கி அடுக்கியதே நான்தான் என்றேன்.

"நீ யாரு? அட்ரஸ் என்ன?"

"டுங்கியிலதான் படுக்கிறது சார்."

"வீடே இல்லாத ஆளு வந்து இன்னொருத்தருக்கு வீடு இருந்துச்சுன்னு சாட்சி சொல்றியா?" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார்.

அக்கா எழுந்து மேசையருகே போய், படத்தில் அந்தப் பெண்ணின் கையிலிருந்த பாட்டிலின் மேல் விரலை வைத்தாள். "இது சென்ட் இல்ல சார். நான் போட்ட டீ. என் அடுப்பு நெருப்புல போட்டது." ஆபீஸர் முதலில் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றிப் படத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். டீயா சென்டா என்று எந்தப் படத்தில் தெரியும்? புத்தகத்தை மூடித் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கரை கிடைக்கவில்லை. அவரே முயற்சி எடுத்து, அடுத்த முறை நிலம் ஒதுக்கியபோது உள்ளே காயலுக்கு அந்தப்புறம் ஒரு மேட்டுச் சரிவில் அவளுக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். கடல் தெரியாது, காற்று வராது, கல் மண். தென்னை வைத்துக் காய்ப்பைப் பார்க்கும் வயதை அவள் தாண்டிக்கொண்டிருந்தாள். ஆனாலும் வைத்தாள். அவள் புருஷன் வரவில்லை. எல்லா ஊருக்கும் போகும் என்றார்களே தவிர, அந்த விலைக்கு அந்தப் புத்தகத்தை அவர் மாதிரி ஆட்கள் வாங்குவார்களா என்று அன்றைக்கு எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

நான் பிறகு பல ஊர் சுற்றினேன். பம்பாயில் ஒரு பெரிய கடையில் காவலுக்கு நின்றேன். அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இதே போன்ற படங்கள் வருடத்துக்கு வருடம் மாறும். ஒரு முறை பாலைவனம், ஒரு முறை பனி மலை, ஒரு முறை குதிரை. மாறாதது ஒன்றுதான், அந்த ஒருத்தியைத் தவிர வேறு மனிதர் இருக்க மாட்டார்கள். சமைத்தவர், துவைத்தவர், படகோட்டியவர் எவரும் தெரிய மாட்டார்கள். தாகம் எடுத்தால் அவளுக்கு யார் தண்ணீர் தருவார்கள் என்று அங்கே நின்று நான் யோசித்திருக்கிறேன். அந்தப் படங்கள் காட்டும் வாழ்க்கையை நிஜமாகவே வாழ்ந்த ஒருத்தியை எனக்குத் தெரியும். தனிக் கரை, தென்னை, நீலக்கடல், கேட்பார் இல்லாத பொழுது. காய்ச்சல் வந்தால் கம்பவுண்டர் இல்லை, உப்புத் தீர்ந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். பேச ஆள் வராதா என்று டுங்கிச் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். அந்தத் தனிமையைக் காசு கொடுத்து வாங்க வரிசையில் நின்றார்கள், மேலெல்லாம் நகை போட்ட பெண்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குக் காட்டப்பட்டது துடைத்த படம். துடைத்தது யார், எதை என்று படத்தில் இருக்காது. இப்போது அந்தத் தீவுகளுக்கு விமானத்தில் போகிறார்கள், கடற்கரைகளைக் காட்டும் விளம்பரங்களிலும் ஆள் கிடையாது. வாசனை மட்டும்தான் மாறியிருக்கிறது.

பம்பாய்க்குப் போகும் முன் ஒரு தடவை அக்காவைப் பார்க்கப் போனேன். அவளுடைய அண்ணன் சாகக் கிடக்கிறார், பார்க்க ஆசைப்படுகிறார் என்று ஊரிலிருந்து மில்லுக்குத் தகவல் வந்திருந்தது. நான் மெயின்லேண்ட் போகிறேன், கூட வா, டிக்கெட் எடுத்துத் தருகிறேன், அடுத்த கப்பலில் திரும்பிவிடலாம் என்று சொல்லத்தான் போனேன். சரிவில், நடைபாதையை ஒட்டி, போகிற வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வீட்டை முன்னுக்கு இழுத்துக் கட்டியிருந்தாள். நல்ல வெயில் நேரத்திலும் அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. அதில் எதுவும் வேகவில்லை. அண்ணனைப் பற்றிச் சொன்னதும் அழுதாள். வெகுநேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு வர முடியாது என்றாள்.

"இப்ப பட்டா இருக்குல்லக்கா, காகிதம் இருக்கு. இனிமே யாரு என்ன செய்ய முடியும்?" என்றேன்.

"காகிதம் இருக்கட்டும் தம்பி. நான் இல்லாத நேரமாப் பாத்து எவனாச்சும் வந்து ஒரு படம் எடுத்துட்டான்னா?"

நான் கிளம்பினேன். ஜெட்டிக்குப் போகிற இறக்கம் வரை அவள் வரவில்லை. திரும்பிப் பார்த்தபோது வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். கை காட்டினேன். அவள் நிலையிலிருந்து கையை எடுக்கவில்லை.